கொலுசு கறுக்கறதுக்கு போர்த் தண்ணியா காரணம்?

அடுத்த கேள்வி காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. "தை, மாசியில மட்டும் வெள்ளிக் கொலுசு வாரத்துக்குள்ள கறுத்துப் போகுது. போர்த் தண்ணியில இருக்கற ஃபுளோரைடுதான் காரணம்னு சொல்றாங்க, நெசமா? சோடா உப்புத் தண்ணியில போட்டா சரியாகும்னா, அதே தண்ணியில அட்டிகையையும் போடலாமா?" இதுதாங்க கேள்வி.

ஃபுளோரைடு காரணம் இல்லீங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்திதான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே அதுக்காக வந்ததுதான். அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும், வெள்ளியைக் கறுக்க வெக்காது. வெள்ளியைக் கறுக்க வெக்கறது கந்தகம். காத்துல, வேர்வையில, முட்டையில, வெங்காயத்துல எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கு. அது வெள்ளியோட சேர்ந்து மேலாக ஒரு கறுப்புப் படலமா உக்காரும். போர்த் தண்ணியில அழுகின முட்டை வாசம் வந்தா மட்டும் தண்ணி மேல சந்தேகப்படுங்க, அது கந்தக வாயு.

தை, மாசின்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பதில் இருக்கு. மா பூவெடுக்கற நேரம். பூவுல சாம்பல் மாதிரி படியற சாம்பல் நோய்க்கு, நனையும் கந்தகம்னு தண்ணியில கலக்கற கந்தகப் பொடியை அடிக்கறோம். மருந்து அடிக்கறப்ப கால்ல கொலுசு இருந்தாலும், அடிச்ச துணியை நகை இருக்கற பீரோவுக்குள்ள தொங்க விட்டாலும், மிச்சப் பாக்கெட்டை அதே ரூம்ல வெச்சாலும் வெள்ளி கறுக்கும். கொலுசைக் கழட்டிட்டுத் தோப்புக்குப் போங்க, பாக்கெட்டை வீட்டுக்கு வெளியில வெச்சுப் பூட்டுங்க. பாதிப் பிரச்சினை அதோட போயிடும்.

தண்ணி செய்யற வேலை வேற. கொலுசு கண்ணிக்கு நடுவுல வெள்ளையா, சொரசொரன்னு படியுதில்லீங்களா, அது உப்புத் தண்ணியோட சுண்ணாம்பு. ரெண்டுக்கும் மருந்து வேற, வரிசையும் முக்கியம். முதல்ல வெள்ளையை எடுக்கணும். ஒரு பங்கு வினிகர், ரெண்டு பங்கு தண்ணி, பத்து நிமிஷம், அப்புறம் பழைய மெத்துனு பிரஷ். சுண்ணாம்பு மூடியிருந்தா சோடாத் தண்ணி கறுப்புக்கிட்டயே போகாது. நிறைய பேர் "சோடா போட்டேன், வேலை செய்யல"ன்னு சொல்றது இதனாலதான்.

அடுத்து கறுப்பு. ஒரு கண்ணாடி இல்ல பிளாஸ்டிக் பாத்திரத்தோட அடியில, சப்பாத்தி சுத்தற அலுமினியத் தாளை விரிங்க. கொலுசு அந்தத் தாளைத் தொட்டுக்கிட்டே கெடக்கணும், தொடாம இருந்தா கறுப்பு போகாது. கொதிச்சு இறக்கின ஒரு லிட்டர் தண்ணியில ஒரு டேபிள்ஸ்பூன் சோடா உப்பு, ஒரு டீஸ்பூன் கல்லுப்பு கரைச்சு ஊத்துங்க. சோடா போட்டதும் பொங்கும், பெரிய பாத்திரமா எடுங்க. ரெண்டுல இருந்து அஞ்சு நிமிஷம். முட்டை வாசம் வந்தா பயப்படாதீங்க, வெள்ளியில ஒட்டின கந்தகம் வெளிய போகுதுன்னு அர்த்தம். இதுல வெள்ளி தேயறதில்ல. பல்பொடி, பேஸ்ட், சாம்பல் போட்டுத் தேய்ச்சா கறுப்போட வெள்ளியும் சேர்ந்து போகும், வேலைப்பாடு மழுங்கிடும்.

அப்புறம் கேன் தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க, கடைசி அலசல் போர்த் தண்ணின்னா மறுபடி வெள்ளை படியும். சலங்கை முத்துக்குள்ள தண்ணி நிக்கும், நல்லா உதறி, ஃபேனுக்கு அடியில ஒரு மணி நேரம் போடுங்க. எனாமல் வேலை, கல் வெச்சது, வேணும்னே கறுப்பு ஏத்தின ஆக்ஸிடைஸ்டு வெள்ளி, இதுக்கெல்லாம் இந்த வழி வேண்டாம்.

அட்டிகைக்கு? கண்டிப்பா வேண்டாங்க. பழைய அட்டிகையில கெம்புக் கல்லுக்குப் பின்னாடி பளபளப்புக்குத் தாள் வெச்சிருப்பாங்க. தண்ணி உள்ள போனா தாள் கறுத்து, கல்லே செத்த மாதிரி ஆயிடும். உள்ளுக்கு அரக்கு ரொப்பின நகைன்னா சுடுதண்ணியில அரக்கு இளகும், கல் ஆடும். முத்து, பவளத்துக்கு வினிகர், எலுமிச்சை, புளி எதுவும் கூடாது, மேல்பளபளப்பை அரிச்சிடும். இதையெல்லாம் லேசா ஈரமான துணியில துடைச்சு, உடனே காஞ்ச துணியில ஒத்தி எடுத்தாப் போதும். கல் இல்லாத கெட்டித் தங்கச் செயினுக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு ஷாம்பு, பத்து நிமிஷம்.

வெக்கறதுன்னு பாத்தா, எல்லாத்தையும் ஒரே பெட்டியில கொட்டாதீங்க. தங்கம் மிருதுவான உலோகம், கல் வெச்ச நகை உரசினா கீறல் விழும். வெள்ளியை ரப்பர் பேண்டுல சுத்தவே சுத்தாதீங்க, அந்த ரப்பர்லயே கந்தகம் இருக்கு, பேண்டு பட்ட இடத்துல கறுப்புக் கோடு விழும். ஜிப் கவர்ல போட்டு, காத்தை அமுக்கி எடுத்து, ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட் கூட வைங்க. செயினைக் கொக்கி மாட்டின நிலையில வெச்சா சிக்காது. முத்துமாலையை மட்டும் கவர்ல இறுக்காம பருத்தித் துணியில படுக்க வைங்க, தொங்க விட்டா நூல் தொய்யும்.

இன்னொண்ணு, தெருவுல "நகை பாலிஷ்"னு வர்றவங்ககிட்ட கொடுக்காதீங்க. அமிலத்துல முக்கினா நகை பளிச்சுன்னு வரும், எடை குறைஞ்சிருக்கும். கடையில பாலிஷுக்குக் கொடுத்தாலும் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வாங்கறப்ப ஒரு தடவை உங்க கண்ணு முன்னால எடை போடச் சொல்லி, ரெண்டையும் சீட்டுல எழுதி வாங்கிக்குங்க.