விளக்குக்கு ஒரு தொப்பி

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, தன் நேரத்தோடு என் நேரத்தையும் சேர்த்துப் பேசி முடித்த தலைமையாசிரியர் அவர்களே, காலையிலிருந்து தனி ஆளாக நாற்காலி போட்ட நூலகர் ஐயா அவர்களே, சுண்டலுக்காகக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி.

ஒளி, ஈர்ப்பு, காலம் என்று மூன்றைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். சரி, ஒளியில் தொடங்குகிறேன்.

'விளக்கடியில் இருட்டு' என்பார்கள். நான் எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை.

பளிச்சென்ற நட்சத்திரம் முதல் வகுப்பு, கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிவது ஆறாம் வகுப்பு என்று கிரேக்கர்கள் பிரித்து வைத்தார்கள். இங்கே வகுப்பு ஏற ஏற மங்கல்! 1856இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் இதைக் கணக்காக்கினார். முதலுக்கும் ஆறுக்கும் வெளிச்சத்தில் 100 மடங்கு வித்தியாசம். அப்படியானால் ஒரு வகுப்புக்குச் சுமார் இரண்டரை மடங்கு, அதை ஐந்து முறை பெருக்கினால் ஏறக்குறைய நூறு. அதே போக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, அந்த ஆண்டே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியா என்று பெயர் வைத்தார்கள். எங்கிருந்து? நுங்கம்பாக்கத்திலிருந்து! இன்று அங்கே நின்றால் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் தெருவும் லேசுப்பட்டதல்ல. போன வருடம் மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்து, வியாழனையும் அதன் நான்கு நிலாக்களையும் காட்டுகிறேன் என்று எல்லோரையும் கூப்பிட்டேன். 1610இல் கலிலியோ பார்த்த அதே நிலாக்கள். எதிர் வீட்டுப் பெரியவர்தான் வரிசையில் முதல் ஆள். மூட்டு வலியோடு படியேறி வந்தவர், தாங்கலுக்காகக் குழாயைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் அது திரும்பிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. எதையோ திருகினார். "தெரியுதா?" என்றேன். "ஜோராத் தெரியுது தம்பி." "நிலா எத்தனை?" "நிலா இல்லப்பா, நம்பர் போட்டிருக்கு. பதினாலு. தலைகீழா இருக்கு."

தெருமுனை விளக்குக் கம்பம்! டெலஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்ற பாடத்தை அன்று தெருவே படித்துவிட்டது. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "பதினாலு எப்படி இருக்கு?" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்தப் பதினாலுதான் வில்லன். அதில் மாட்டியிருக்கும் வெள்ளை எல்இடி பக்கவாட்டிலும் மேலேயும் கொட்டுகிறது. பகல் வானம் ஏன் நீலம்? காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால். வெள்ளை எல்இடியில் நீலம் தாராளம். மேலே போனது சிதறி நமக்கே திரும்பி வருகிறது. வானம் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடுகிறது, ஆறாம் வகுப்பு மொத்தமும் ஆப்சென்ட். ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பைக் கொண்டுபோய் வைத்ததும் இருட்டைத் தேடித்தான்.

விளக்கடியில் இருட்டு என்றது அகல் விளக்குக் காலம். இப்போது அடியில் வெளிச்சம் இருக்கட்டும் அம்மா, மேலேதான் எங்களுக்கு இருட்டு வேண்டும். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. பெண்கள் நடமாடும் தெரு, வெளிச்சம் தேவைதான். தலையில் ஒரு தொப்பி போடுங்கள் என்கிறேன், அவ்வளவே. மேலே வீணாகும் வெளிச்சம் தரைக்கு வரும்.

ஈர்ப்பும் காலமும் பாக்கி இருக்கின்றன. நூலகர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அவை அடுத்த வருடத்துக்கு. அம்மா, தகரத்துக்கு அளவு எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நீங்கள் அனுமதி தந்து லைன்மேனை அனுப்பினால் போதும். ஏணி தருவதாக எதிர் வீட்டுப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.