கடலோரத்துப் பிள்ளைக்கு ஒரு நாய்த் துணை

[காட்சி: மண்டபம் வடகடல் கரை, காலை நேரம். கரையேற்றி வைத்த வள்ளங்கள். ஈர மணலில் சின்னக் காலடித் தடங்கள் தண்ணீரை நோக்கிப் போகின்றன.]

வணக்கம். என் அக்கா மகனுக்கு இப்போது ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு அதிகம் கிடையாது, தண்ணீர் என்றால் உயிர். அவனுக்கு நான்கு வயது நடந்தபோது ஒரு மத்தியானம், அக்கா உலையில் அரிசி போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். தெருவெல்லாம் ஓடினோம், பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினோம். கடைசியில், கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், என்பதால் அலை இல்லை. தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கமாக இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது பெரியவர்கள் கண்ணைத் தப்பி வெளியே போக முயன்றதாகப் பெற்றோர்கள் சொன்னார்கள். அப்படிப் போகும் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து தண்ணீர்தான். அதனால் பிள்ளையைக் காணோம் என்றால் தெருவுக்கு ஓடாதீர்கள். முதலில் கடல், அப்புறம் ஊருணி, கிணறு, தொட்டி. மற்ற இடமெல்லாம் பிறகு.

[காட்சி: வரைபடம். நாயின் மார்பில் கச்சை, பிள்ளையின் இடுப்பில் பெல்ட், இரண்டுக்கும் நடுவே ஒரு வார். நாயின் கயிறு அம்மா கையில்.]

இந்த ஓட்டத்தை நிறுத்துவதற்காகவே பழக்கப்பட்ட நாய்கள் உண்டு. கனடாவில் 1996-ல் தொடங்கிய நேஷனல் சர்வீஸ் டாக்ஸ் என்ற அமைப்பு இதில் முன்னோடி. படத்தைப் பாருங்கள். பிள்ளை திடீரென்று இழுத்தால் நாய் கூடவே ஓடாது, நாலு காலையும் ஊன்றி அப்படியே நின்றுவிடும். முப்பது கிலோ லாப்ரடார் ஊன்றி நின்றால் சின்னப் பிள்ளையால் அசைக்க முடியாது. அம்மாவுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான், ஆனால் கை எட்டிப் பிடிக்க அது போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: கயிறு எப்போதும் பெரியவர் கையில் இருக்க வேண்டும். பிள்ளையையும் நாயையும் தனியாக அனுப்புவதற்கு இந்த ஏற்பாடு இல்லை.

இன்னொரு வேலையும் அதற்குத் தெரியும். சத்தம், கூட்டம், வெளிச்சம் எல்லாம் சேர்ந்து பிள்ளை தாங்க முடியாமல் அலறும்போது, நாய் அவன் மடியில் தலையையும் முன்னங்கால்களையும் வைத்து அழுத்தும். அந்தக் கனம் பல பிள்ளைகளுக்கு இதமாக இருக்கிறது. 2010-ல் கனடாவில் 42 பிள்ளைகளின் எச்சிலைச் சோதித்தார்கள். காலையில் எழுந்ததும் கூடும் கார்டிசால் என்கிற ஹார்மோன், நாய் வீட்டில் இருந்த நாட்களில் கொஞ்சமாகத்தான் கூடியது. நாயைத் திரும்பக் கொண்டுபோனதும் பழையபடி ஏறியது.

ஆனால் ஆட்டிசத்தை நாய் குணமாக்காது. அது குணமாக்க வேண்டிய நோயும் இல்லை. பேச்சுப் பயிற்சி, மற்றப் பயிற்சிகள் எல்லாம் நடந்தபடி நடக்க வேண்டும். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் அரசின் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் பிள்ளையைக் காட்டுங்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, அடையாள அட்டை வாங்கத் தயங்காதீர்கள்.

[காட்சி: நண்பகல். வெயிலில் காயும் கருவாடு. பனைமர நிழலில் மூச்சு வாங்கும் நாய்.]

சரி, நம் ஊரில் என்ன செய்வது? இப்படிப் பழக்கிய நாய் நம் நாட்டில் கிடைப்பது அரிது. ஒரு நாயைத் தயார் செய்ய ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும், அதிலும் பல நாய்கள் தேறுவதில்லை. யாராவது இரண்டு மாதக் குட்டியைக் காட்டி, "ஆட்டிசம் பிள்ளைக்கான நாய்" என்று விலை சொன்னால் வாங்காதீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் அருமையான நாய்கள்தான், ஆனால் அவை வேட்டை நாய்கள். ஓர் ஆடு குறுக்கே ஓடினால் வாரோடு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பழக்காத எந்த நாயோடும் பிள்ளையைக் கட்டவே கூடாது.

வீட்டில் துணைக்கு வளர்க்கும் நாய் வேறு. அதற்குச் சாந்த குணம் போதும். பிள்ளைக்குக் குரைப்புச் சத்தம் ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் தெரிந்தவர் வீட்டில் வைத்துப் பழக்கிப் பாருங்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அப்புறம் வருடா வருடம். மணலில் புறங்கையை வைத்து ஏழு நொடி தாங்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடத்தாதீர்கள், அதன் பாதமும் தோல்தான். கீழக்கரை, தொண்டிப் பக்கம் பல வீடுகளில் நாயை உள்ளே விடுவதில்லை. அங்கே பூனையும் ஆட்டுக்குட்டியும் பிள்ளைகளோடு எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று பார்த்திருக்கிறேன்.

[காட்சி: திண்ணை. சிறுவனின் விரல், நாயின் இடது காது.]

எங்கள் வீட்டில் இருப்பது மணி. கரையில் திரிந்த நாட்டு நாய். அக்கா மகனைத் தடுக்க அதற்குத் தெரியாது. அதனால் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம், அவனுக்கு நீச்சலும் பழக்குகிறோம். வலை மிதவையை உருட்டிக்கொண்டே ஒரு விரலால் மணியின் இடது காதுக்குள் தடவுவான். எப்போதும் இடது காதுதான். மணி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். அவன் இன்னும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலையில் தன் இட்லியில் பாதியைப் பிய்த்துத் திண்ணையில் வைப்பான். அது தின்று முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டான்.