மடிப்புக் கயாக்: கடைசி லாக் ஏன் விழமாட்டேங்குது, பை ஏன் மூடமாட்டேங்குது?

அடுத்த கேள்வி மன்னார்குடியிலேர்ந்து வந்திருக்கு. படிச்சிடறேன். "அலுமினியக் குழாய்ச் சட்டத்துக்கு மேல தோல் மாட்டுற மடிப்புக் கயாக் வச்சிருக்கேன். புதுசுல அரை மணி நேரத்துல கட்டிட்டேன். முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் ஒரு தடவை ஓட்டிட்டு மடிச்சு வச்சேன். மறுபடி கட்டும்போது ஒன்றரை மணி நேரம் ஆச்சு, கடைசி லாக் விழவே இல்ல. மடிச்சா பை ஜிப்பும் மூடல. தோல் சுருங்கிடுச்சா?"

சுருங்கலைங்க. தோல்னா இங்க படகோட வெளியுறை, மிருகத் தோல் இல்ல. பி.வி.சி பிளாஸ்டிக் பூசின தோல் ஒரு தடவை உப்புத்தண்ணி பட்டதுக்கெல்லாம் சுருங்காது. மேல்தட்டுத் துணி நைலானா இருந்தா நனைஞ்சதும் கொஞ்சம் தளரத்தான் செய்யும். உங்க ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு: போன தடவை மடிச்ச விதம். இந்த வகைப் படகுல கட்டும்போது வர்ற தகராறு முக்காவாசி, முந்தின தடவை மடிச்சப்போ உள்ள போட்டு மூடினதுதான்.

முதல்ல லாக். அடித்தண்டுல, அதாவது நடுவுல நீளமா ஓடுற குழாய்ல, நாலு இணைப்பு இருக்குன்னு வச்சுக்குங்க. ஒவ்வொரு இணைப்புக்குள்ளயும் வண்டல் மணல் கொஞ்சம் உட்கார்ந்திருக்கு. குழாய் 2 மில்லிமீட்டர் உள்ள போகாம நின்னா நாலு இடத்துல 8 மில்லிமீட்டர். கடைசி லாக்குல ஸ்பிரிங் பட்டனுக்கும் ஓட்டைக்கும் நடுவுல உங்களுக்கு விழுற இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவுதான் இருக்கும், அளந்து பாருங்க. நீங்க தோலை இழுக்கறீங்க, ஆனா நீளமா ஆனது சட்டம்.

எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, குழாயைத் தோலுக்குள்ள விடுறதுக்கு முன்னாடி வெளியில கோத்து, ஒவ்வொரு இணைப்பு மேலயும் கட்டைவிரல் நகத்தை ஓட்டுங்க. நகம் மாட்டுற மாதிரி பள்ளம் இருந்தா அந்த இணைப்பு முழுசா உட்காரலை. கழட்டி, குழாயைத் தலைகீழாப் பிடிச்சுத் தட்டுங்க. உள்ள ஓடுற எலாஸ்டிக் கயிறை ஒதுக்கிட்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷால உள்வாயைத் துடைங்க. முத்துப்பேட்டைச் சேறு காய்ஞ்சா மாவு மாதிரி வரும், கையில தேய்ச்சா உப்பு நரநரங்கும். அதான் குற்றவாளி.

சரி, கட்டுற முறைக்கு வருவோம். இந்த அமைப்பு ஒண்ணும் புதுசில்ல. ஜெர்மனியில க்ளெப்பர் கம்பெனி 1907-லயே மடிப்புப் படகு செய்ய ஆரம்பிச்சாங்க. 1956-ல ஹன்னஸ் லிண்டமன்ங்கிற ஜெர்மன் டாக்டர் அந்த மாதிரி ஒரு படகுல தனியா அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்காரு. நம்ம பரிசலும் இதே தத்துவம்தானே, மூங்கில் பின்னலுக்கு மேல தோலை இழுத்துக் கட்டுறது. வித்தியாசம் என்னன்னா, பரிசலைத் தினமும் கழட்ட வேண்டியதில்ல.

கரையில வெறும் மண்ணுல கட்டாதீங்க. நெல் காயப்போடுற தார்ப்பாய் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, படகு நீளத்தை விட ரெண்டு அடி கூட இருக்கணும். விரிக்கறதுக்கு முன்னாடி தரையைக் கையால தடவிப் பாருங்க. நம்ம ஆத்துக் கரையில சீமைக்கருவேல முள் தார்ப்பாயையும் தாண்டி ஏறும். வெட்டிவிட்ட நெய்வேலிக் காட்டாமணக்குக் கட்டை இருந்தா இன்னும் மோசம். அணியத்தை, அதாவது முன்முனையை, தண்ணிப் பக்கமா வச்சு விரிங்க, அப்புறம் திருப்ப வேண்டாம். தோலை மட்டும் ஒரு பத்து நிமிஷம் வெயில்ல போடுங்க, பி.வி.சி இளகிக் குடுக்கும். குழாய் நிழல்லயே இருக்கட்டும், வெயில்ல கிடந்தா கையில பிடிக்க முடியாது.

முன்பாதிச் சட்டம் தனி, பின்பாதி தனி. முனைத் தகட்டுல நீளக்குழாய்களை மாட்டி, முதல் ரெண்டு குறுக்குச் சட்டத்தை எண் பார்த்துப் போட்டு, தோலுக்குள்ள தள்ளுங்க. இங்க ஒரு இடத்துல நிதானம் வேணும். தோலோட அடியில நடுவுல ஒரு தையலோ பட்டையோ நீளமா ஓடும். அடித்தண்டு சரியா அதுக்கு மேல உட்காரணும். ஒரு விரல் தள்ளிப் போனாலும் தண்ணியில படகு ஒரு பக்கமாவே இழுக்கும். துடுப்பு போடத் தெரியலைன்னு நீங்க உங்களையே குறை சொல்லிக்கிட்டு இருப்பீங்க. தோல் வழியா கையால அழுத்திப் பார்த்தாலே தண்டு எங்க ஓடுதுன்னு தெரியும். அமரத்துலயும், பின்முனையில, இதே மாதிரி.

ரெண்டு பாதியும் உள்ள போனதும் நடுவுல சேரணும். முதல்ல அடித்தண்டு. ரெண்டு முனையையும் கூரை மாதிரி மேல தூக்கிக் கோத்து, உள்ளங்கையால கீழ அமுக்கினா நேராகிடும். லீவர் வச்ச மாடல்னா லீவரை மடக்கணும். அமுக்கும்போது விரலை இணைப்புக்குக் கீழ வைக்காதீங்க, நகம் போயிடும். அடுத்து பக்கக் குழாய்கள். பக்கக் குழாய்ல நாலஞ்சு ஓட்டை இருந்தா இடது ஒரு ஓட்டை, வலது ஒரு ஓட்டைன்னு மாத்தி மாத்தி இழுங்க. இடது பக்கத்தை முழுசா இழுத்துட்டு வலதுக்கு வந்தா சட்டம் வளைஞ்சிடும், வலது பக்கம் வரவே வராது. வரலைன்னா கல்லைத் தூக்கி அடிக்காதீங்க. ஒரு ஓட்டை தளர்த்திட்டு, அணியத்தைத் தூக்கித் தரையில மெதுவா ரெண்டு தட்டு தட்டினா முனைத் தகடு உள்ள போய் உட்காரும், அரை சென்டிமீட்டர் கிடைக்கும்.

நடுக் குறுக்குச் சட்டம் கடைசியில. ஆசனம், கால் மிதி, உட்காருற வாயோட விளிம்பு, எல்லாம் சாதாரண வேலை. கடைசியிலும் கடைசி, ரெண்டு பக்கமும் ஓடுற காத்துக் குழல். இதை முன்னாடியே ஊதினீங்கன்னா குழாய் போற இடத்தைக் காத்து பிடிச்சுக்கும். வாயால ஊதினாப் போதும், பம்ப் வேண்டாம். கட்டைவிரலால அமுக்கினா லேசா உள்ள போகணும். காலையில குளிர்ச்சியில விறைப்பா ஊதிட்டு மதியம் கரையில வெயில்ல போட்டா ஒட்டு பிரிஞ்சிடும். கரையேறினதும் வால்வை ஒரு நொடி திறந்து விட்டுடுங்க.

தண்ணியில விடுறதுக்கு முன்னாடி அணியத்துக்கு முன்னால உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்க. தோல்ல சாய்வா கோடு விழுந்திருந்தா சட்டம் முறுக்கிக்கிட்டிருக்கு. குறுக்கா சுருக்கம் இருந்தா நீளவாட்டத்துல இழுவை போதலை, ஒரு ஓட்டை கூட இழுக்கலாம். இன்னொண்ணு, பக்கக் குழலை மட்டும் நம்பாதீங்க. முன்முனையிலயும் பின்முனையிலயும் காத்துப் பை திணிக்கணும். கவிழ்ந்து தண்ணி ஏறினா பை இல்லாத படகை ஒரு ஆளால மீட்க முடியாது. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மதகு, ரெகுலேட்டர் பக்கமே போகாதீங்க. அலையாத்திக் காட்டுக்குள்ள போகணும்னா வனத்துறைகிட்ட கேட்டுட்டுப் போங்க.

இப்ப மடிக்கிறது. உப்புத்தண்ணியில ஓட்டின அன்னிக்கே கழட்டணும். அலுமினியத்துல உப்பும் மணலும் சேர்ந்தா வெள்ளைப் பொடி மாதிரி பூக்கும், ரெண்டு குழாயையும் சிமெண்ட் வச்ச மாதிரி பிடிச்சுக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி வெளிப்பக்கம் ஒரு தடவை, கழட்டினப்புறம் குழாய் ஒவ்வொண்ணா ஒரு தடவை, நல்ல தண்ணி ஊத்துங்க. "நல்ல தண்ணி"ன்னு ஏன் சொல்றேன்னா, கடலோரத்துல நிறைய போர் தண்ணியே உவர். அதுல கழுவினா உப்பை உப்பால கழுவின கதை. நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாருங்க. கரிச்சா அங்க மேலோட்டமா கழுவிட்டு வீட்டுக்கு வந்து குடிதண்ணியில மறுபடி கழுவுங்க.

கழட்டுற வரிசையில முதல்ல காத்துக் குழலைத் திறந்து விடணும், அப்பதான் இழுவை தளரும். பக்கக் குழாய், கடைசியில அடித்தண்டு. ஒரு குழாய் சிக்கிடுச்சுன்னா குறடு போடாதீங்க, குழாய் நசுங்கினா அதோட முடிஞ்சது. பழைய சைக்கிள் டியூப்பைச் சுத்திப் பிடிச்சு, ரெண்டு பேர் எதிர் எதிரா முறுக்குங்க. அதுக்கும் வரலைன்னா வெளிக்குழாய் மேல மட்டும் சுடுதண்ணி ஊத்தி உடனே முறுக்குங்க. அது விரியும், உள்குழாய் சூடாகுறதுக்குள்ள வந்துடும்.

குழாய் காய்ஞ்சதும் இணைப்புல மெழுகுவத்தியைத் தேய்ங்க, இல்ல சிலிக்கான் ஸ்பிரே. தேங்கா எண்ணெய், மெஷின் ஆயில், கிரீஸ் வேண்டாம்ங்கிறது என் கருத்து. கிரீஸ்தான் நல்லதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, சுத்தமான கடல்ல அது சரியா வரலாம். நம்ம வண்டல்ல எண்ணெய்ப் பசை இருந்தா மணலைத் தேடிப் பிடிச்சு ஒட்டிக்கும்.

உங்க பை மூடாத விஷயம். தோலுக்குள்ள தைச்சிருக்குற காத்துக் குழல்ல மிச்சம் காத்து இருக்கு. வால்வைத் திறந்து விட்டா தானா முழுசாப் போகாது. தோலை விரிச்சு, ரெண்டு பக்கமும் நடுவுக்கு மடிச்சு, பையோட அகலத்துக்கு ஒரு விரல் கம்மியா வையுங்க. வால்வு திறந்தே இருக்கட்டும். வால்வு இல்லாத முனையிலேர்ந்து முழங்காலை வச்சு அமுக்கிக்கிட்டே பாய் சுருட்டுற மாதிரி சுருட்டுங்க. முடிவுல வால்வுல வாயை வச்சு ஒரு இழு இழுத்து உடனே மூடிடுங்க. சுருட்டோட தடிமன் பாதி குறையும். ஒரே கோட்டுல தினமும் மடிக்காதீங்க, ஒரு தடவை இந்தக் கோடு, மறுதடவை நாலு விரல் தள்ளி. அதே மடிப்புல பூச்சு விரிசல் விடும். பையில தோல் முதுகுப் பக்கம், குறுக்குச் சட்டம் தட்டையா அதுக்கு மேல, குழாய்கள் தனி உறையில நின்ன வாக்குல. குழாய் வாய் தோல்ல உரசினா வட்டமா ஓட்டை விழும். அதுக்கு சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் போட்டுப் பிரயோஜனம் இல்ல, அது ரப்பருக்கானது. பி.வி.சி பசையும் பி.வி.சி துண்டும் வேணும், ஓட்டையைச் சுத்தி ரெண்டு அங்குலம் கூட விட்டு, மூலையை வட்டமா வெட்டி, பசை ரெண்டு கோட் அடிச்சு ஒட்டிட்டு ஒரு நாள் தொடாம விடுங்க.

குழாயே இல்லாத, அட்டைப்பெட்டி மாதிரி மடிக்கிற பிளாஸ்டிக் தகட்டுக் கயாக் வச்சிருக்கறவங்களுக்கு இதுல பாதி கவலை இல்ல. தகடு சேருற வாய்ல மணல் இல்லாம பார்த்துக்குங்க, அவ்வளவுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில தோல் காயாது. அப்ப பையில போடாதீங்க, திண்ணையில கயிறு கட்டி ரெண்டு நாள் தொங்கவிடுங்க. அணியத்துக்குள்ளயும் அமரத்துக்குள்ளயும் கை எட்டாத மூலையில தண்ணி நிக்கும். செய்தித்தாளைச் சுருட்டித் திணிச்சு வச்சா உறிஞ்சிடும். விட்டா கறுப்புப் புள்ளியா பூஞ்சை பிடிச்சு நாறும்.

காவிரிக்குத் தண்ணி விடுற மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுறாங்க. ஆத்துல மட்டும் ஓட்டுறவங்களுக்கு பிப்ரவரியிலேர்ந்து நாலஞ்சு மாசம் படகு சும்மா கிடக்கும், அதுவும் கொளுத்துற கோடையில. தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அடியில வைக்காதீங்க, ஒட்டுப் பசை இளகிடும். தோலை இறுக்கிச் சுருட்டாம தளர்வா மடிச்சு, விட்டத்துல கயிறு கட்டித் தொங்கவிடுங்க. நெல் மூட்டை இருக்கற வீட்டுல எலி இருக்கும், தரையில வச்சா பையைத்தான் முதல்ல கடிக்கும். ஆசனத்துப் பையில கடலை உருண்டைத் துணுக்கு எதுவும் ஒட்டியிருக்கான்னு பார்த்துட்டுத் தொங்கவிடுங்க.