கப்பலைப் பிடிக்க எந்த விமானம்? பிரீமியம் எகானமி சீட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

[காட்சி: ராயபுரம், மொட்டை மாடி, விடியற்காலை. பின்னால் ஹார்பர் கிரேன்கள். கடலில் நங்கூரம் போட்டிருக்கும் சரக்குக் கப்பல்கள்.]

குரல்:
வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஹார்பர் தெரியும். அப்பா அங்கேதான் முப்பத்திரண்டு வருடம் வின்ச் ஓட்டினார். அவர் கை படாமல் போன சரக்கு இல்லை என்பார்கள். ஆனால் பயணியாக ஒரு கப்பலில் கூட ஏறியதில்லை. போன வருடம் அவருக்கும் அம்மாவுக்கும் பார்சிலோனாவிலிருந்து ஏழு இரவு கப்பல் பயணம் எடுத்தேன். கப்பலில் எந்த அறை என்று முடிவு செய்ய ஒரு மாலை போதுமாக இருந்தது. விமானத்துக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

விமானமே வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. 2022 ஜூனில் நம் சென்னை துறைமுகத்திலிருந்தே சுற்றுலாக் கப்பல் கிளம்பியது. இந்த வீடியோ, வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் பறந்து போய் ஏறுகிறவர்களுக்கு.

[திரையில்: வரைபடம். ரோம், சிவிடவெக்கியா. லண்டன், சவுத்தாம்ப்டன்.]

குரல்:
முதலில் துறைமுகம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கப்பல் டிக்கெட்டில் ரோம் என்று இருக்கும். ஏறுகிற இடம் சிவிடவெக்கியா. ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். லண்டன் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். ஹீத்ரோவில் இறங்கி, சாலையில் இன்னும் சுமார் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். பார்சிலோனா இதில் வசதியானது, ஏர்போர்ட்டிலிருந்து துறைமுகத்துக்கு டாக்ஸியில் அரை மணி நேரம்தான்.

அடுத்து, நாள். கப்பல் கிளம்புகிற நாளுக்கு முந்தின நாளே அந்த ஊரில் இறங்கிவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பஸ் போனால் அடுத்த பஸ் வரும், கப்பல் அப்படி இல்லை. விமானம் ஐந்து மணி நேரம் தாமதம் என்றால் கப்பல் உங்களுக்காக நிற்காது. நீங்கள் வந்து பெட்டி வராவிட்டாலும் இதே கதைதான். அந்தப் பெட்டி அடுத்தடுத்த துறைமுகமாக உங்களைத் துரத்திக்கொண்டு வர வேண்டியிருக்கும். அதனால் மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு தனி டிக்கெட் போட்டால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டதென்றால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை.

விசாவிலும் கப்பல் பயணத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கப்பல் நடுவில் துருக்கிக்கோ மாண்டினீக்ரோவுக்கோ போய்த் திரும்பினால், ஒருமுறை நுழைகிற ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா, போதாது. அந்த இரண்டு நாடும் அதில் சேராதவை. பலமுறை நுழைகிற விசாவாகக் கேட்டு வாங்குங்கள். லண்டன் வழியாக ஐரோப்பா போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஷெங்கன் விசா பிரிட்டனில் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் அங்கே விமானம் மாறுவதற்கே பெரும்பாலும் தனி விசா கேட்பார்கள்.

[காட்சி: மேசை மேல் அளவு நாடா. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றின் பின் ஒன்றாக.]

குரல்:
சரி, இப்போது சீட்டுக்கு வருவோம். பிரீமியம் எகானமி என்பது சாதாரண எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் இருக்கிற வகுப்பு. பிட்ச் என்று ஓர் அளவு சொல்வார்கள். அதைக் கால் வைக்கிற இடம் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம்தான் பிட்ச். சீட்டின் தடிமனும் அதற்குள்ளேயே அடங்கும். சாதாரண எகானமியில் இது 31, 32 அங்குலம். பிரீமியம் எகானமியில் 38 முதல் 40 வரை போகும். இந்த நாற்காலிகளை அப்படி நகர்த்திப் போட்டு அப்பாவை உட்கார வைத்துப் பார்த்தேன். 32-ல் முட்டி முன் நாற்காலியைத் தொட்டது. 38-ல் அவரால் காலை நீட்ட முடிந்தது. அவருக்கு வலது முட்டியில் தேய்மானம், அதனால் அந்த ஆறு அங்குலத்துக்குப் பணம் கொடுக்கலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். நீங்களும் வீட்டில் இப்படிப் போட்டுப் பாருங்கள். இணையத்தில் எவ்வளவு படித்தாலும் இது தராத தெளிவு கிடைக்கும்.

எந்த நிறுவனம்? பிரிட்டிஷ் ஏர்வேஸ் சென்னையிலிருந்து லண்டனுக்கு நேராகப் போகிறது. அவர்கள் பிரீமியம் எகானமிக்கு வைத்திருக்கும் பெயர் வேர்ல்ட் டிராவலர் பிளஸ். சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. லுஃப்தான்சா பிராங்க்பர்ட்டுக்குப் போகிறது, அங்கிருந்து பார்சிலோனா, ரோம் எல்லாவற்றுக்கும் இணைப்பு உண்டு. இரண்டிலும் பிட்ச் 38 அங்குலம், ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. கப்பலில் ஒரு இரவு நல்ல உடுப்பு போடச் சொல்வார்கள், பட்டுப்புடவைகளுக்கு அந்த இரண்டாவது பெட்டி உதவும்.

எமிரேட்ஸின் பிரீமியம் எகானமி சீட் இன்னும் பெரியது: 40 அங்குல பிட்ச், 19.5 அங்குல அகலம். ஆனால் அவர்களின் எல்லா விமானத்திலும் அது இல்லை. துபாயிலிருந்து ஐரோப்பா போகிற பல விமானங்களில் இருக்கும், சென்னையிலிருந்து துபாய் போவதில் இருக்கிறதா என்று உங்கள் தேதிக்குப் பார்த்தால்தான் தெரியும். கத்தார் ஏர்வேஸில் இந்த வகுப்பே கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பிரீமியம் எகானமி உண்டு, ஆனால் நீண்ட தூர விமானங்களில்தான். நடுத்தர தூரத்துக்கு விடுகிற ஏ350, 787-10 விமானங்களில் அந்த வகுப்பு இல்லை. நாலு மணி நேரப் பயணத்துக்கு அது தேவையும் இல்லை. அந்தப் பணத்தில் ஜன்னல் வைத்த கப்பல் அறையை எடுங்கள்.

[திரையில்: ஒரு டிக்கெட்டின் இரண்டு பகுதிகள், தனித்தனி வகுப்போடு.]

குரல்:
இங்கே நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். சில வருடம் முன்னால் அக்கா குடும்பத்தோடு போனபோது டிக்கெட்டின் மேலே பிரீமியம் எகானமி என்று பெரிதாக இருந்தது. இடையில் விமானம் மாறினோம். சென்னையிலிருந்து கிளம்பிய இரவுப் பயணம் முழுக்கச் சாதாரண எகானமி. கேட்டால், அந்த விமானத்தில் அந்த வகுப்பே இல்லை, டிக்கெட்டின் கீழே எழுதியிருக்கிறதே என்றார்கள். எழுதித்தான் இருந்தது. பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரில் என்ன வகுப்பு, எந்த வகை விமானம் என்று தனித்தனியாகப் படியுங்கள்.

பிரீமியம் எகானமி என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால், அதற்குச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் என்றால் அந்தப் பகுதிக் கட்டணத்தில் 75 சதவீதம் திரும்ப வர வேண்டும். நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வும் 2023 பிப்ரவரியிலிருந்து இதே போன்ற விதியை வைத்திருக்கிறது. அதனால் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.

சீட் எண்ணுக்கு வருவோம். இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் ஓரத்தில் இருக்கும் இரண்டு சீட் வரிசை. நடுவில் மூன்றோ நாலோ சீட் இருக்கும், அங்கே போனால் எழுந்து நடக்க யாரையாவது எழுப்ப வேண்டியிருக்கும். முதல் வரிசை எல்லோருக்கும் ஆசை. ஆனால் முன்னால் சுவர், காலடியில் பை வைக்க முடியாது. குழந்தைத் தொட்டில் மாட்டுகிற இடமும் பல விமானங்களில் அதுதான். முட்டி வலிக்கிறவர்கள் காலை முழுக்க நீட்ட அந்தச் சுவர் விடாமல் போகலாம். நான் இரண்டாவது, மூன்றாவது வரிசையைத்தான் எடுப்பேன். கடைசி வரிசை வேண்டாம், சாய்வு குறைவாக இருக்கலாம்.

[காட்சி: வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையம், பெட்டியோடு லிஃப்ட்.]

குரல்:
ஐரோப்பா விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கிளம்பும். நம் பக்கத்திலிருந்து ஏர்போர்ட் இருக்கும் மீனம்பாக்கம் ஊரின் மறுகோடி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் கார் நகராது. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு நீல வழித்தடத்தில் ஏர்போர்ட்டுக்கு ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. பதினோரு மணிக்கு மேல் மெட்ரோ கிடையாது, அதனால் ஒன்பது மணிக்கே ஏறிவிடுங்கள்.

திரும்பும்போது அவசரப்படாதீர்கள். கப்பல் விடியற்காலையில் கரை சேர்ந்தாலும் ஆட்கள் இறங்கி முடிக்க ஒன்பது, பத்து மணி ஆகும். பார்சிலோனா என்றால் பிற்பகல் ஒரு மணிக்கு அப்புறம் கிளம்பும் விமானம், சிவிடவெக்கியா, சவுத்தாம்ப்டன் என்றால் இன்னும் தள்ளி.

[காட்சி: மறுபடியும் மொட்டை மாடி. சாயங்காலம்.]

குரல்:
போக வர இரண்டுக்கும் பிரீமியம் எகானமி போட எங்களிடம் பணம் இல்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் போட முடியும். போகிற விமானம் இரவு, வருகிறது பகல். தூங்குகிற பயணத்துக்குத்தான் நல்ல சீட் வேண்டும் என்று போகும்போது போட நினைத்தேன். அப்பாவிடம் சொன்னேன்.

"போகும்போது எனக்கு எப்படியும் தூக்கம் வராதுப்பா. ஏழு நாள் சுத்திட்டு வரும்போதுதான் முட்டி கேட்கும். வரும்போது போடு" என்றார்.

வரும்போதுதான் போட்டேன்.