சூப் சப்பென்று இருக்கிறதா? தண்ணீர் ஊற்றும் முன் இதைப் பாருங்கள்!

வணக்கம் நண்பர்களே. குளிர் வந்தாச்சு. போர்வைக்குள் இருந்து கையை மட்டும் நீட்டி சூடாக ஒரு கிண்ணம் சூப் வாங்கிக் குடிக்க ஆசை. நீட்டிக் கொடுக்க ஆள் இல்லாததால் நாமே வைக்கிறோம். காய் வெந்துவிட்டது, உப்பும் சரிதான். ஆனால் வாயில் வைத்தால் காய் வேகவைத்த தண்ணீர்!

வெங்காயம், கேரட், காளான் எது இருக்கிறதோ நறுக்கிக்கொள்ளுங்கள். அதற்கெல்லாம் விளக்கம் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் மொத்தமாகத் தண்ணீரில் கொட்டுகிறோமே, அங்கேதான் கோட்டை விடுகிறோம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தீயைக் கூட்டினால் ஆவிதான் கூடும். ஆனால் வெங்காயம் மளமளவென்று சிவந்து மணக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். புரதத்தின் சிறு கூறான அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து செய்யும் வேலை அது. 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மையாரின் பெயரையே இந்த வினைக்கு வைத்துவிட்டார்கள். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காபிக்கொட்டை இரண்டின் மணத்துக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

அதனால்தான் தண்ணீர் ஊற்றும் முன் எண்ணெயில் வதக்க வேண்டும். சரி, எண்ணெயில் போட்டதும் வெங்காயம் ஏன் உடனே சிவப்பதில்லை? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான்! அது வற்றாதவரை, எண்ணெயில் கிடந்தாலும் வெங்காயம் உள்ளுக்குள் வெந்துகொண்டுதான் இருக்கிறது. முதலில் வியர்க்கும், அப்புறம் துவளும், கடைசியில்தான் நிறம் மாறும். மிதமான தீயில் கால் மணி நேரமாவது ஆகும். அதுவரை போனை எடுக்காதீர்கள். இந்த வீடியோவுக்கு மட்டும் விலக்கு.

அடியில் பழுப்பாக ஒட்டுகிறதா? ஐயோ, தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், சொத்தே அதுதான். ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டினால் கரைந்து சூப்பிலேயே சேர்ந்துவிடும். கருப்பாகிவிட்டால் மட்டும் கசப்பு; மனதைத் திடப்படுத்திக்கொண்டு கொட்டிவிடுங்கள். நான் ஒருமுறை அதையும் கலந்து “புகை மணம்” என்று சொல்லிப் பரிமாறினேன். ஒருவரும் நம்பவில்லை.

இனி தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் விடுங்கள். எலும்பு போட்டு வைத்த சூப் ஃபிரிட்ஜில் ஜெல்லி மாதிரி உறைந்தால் பயம் வேண்டாம். எலும்பில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம், ஆறினால் உறையும் ஜெலட்டினாக மாறியிருக்கிறது, நல்ல சூப்.

உப்பைக் கடைசியில் போடுங்கள். ஒரு லிட்டருக்கு அளவாகப் போட்ட உப்பு, அது அரை லிட்டராக வற்றினால் இரட்டிப்பாகக் கரிக்கும். உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். அது உறிஞ்சுவது உப்புத் தண்ணீரை. மிச்சம் அதே கரிப்போடு அப்படியே நிற்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், வேலை முடிந்தது.

வைத்துப் பார்த்துவிட்டு, உங்கள் பாத்திரத்தின் அடி என்ன நிறத்தில் இருந்தது என்று கமெண்டில் போடுங்கள். கருப்பு என்றாலும் கூச்சப்படாமல் போடுங்கள், எனக்கும் துணை வேண்டும்.