கேரி கோல்மனின் சம்பளம்

நண்பர்களே, குழந்தை நட்சத்திரங்கள் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கேரி கோல்மன். 1968-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு தம்பதி அவரைத் தத்தெடுத்தார்கள்.

பிறவியிலேயே அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. 1973-ல், ஐந்து வயதில், முதல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நோயும் அதற்கான மருந்துகளும் சேர்ந்து வளர்ச்சியைத் தடுத்துவிட்டன. பெரியவரான பிறகும் அவர் உயரம் நாலடி எட்டு அங்குலம்தான்.

1978-ல் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘டிஃப்ரன்ட் ஸ்ட்ரோக்ஸ்’ தொடங்கியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த இரண்டு கறுப்பினச் சிறுவர்களை ஒரு வெள்ளைக்காரப் பணக்காரர் தத்தெடுத்து வளர்க்கும் கதை. தம்பி ஆர்னால்டாக நடித்தவர் கேரி. உப்பிய கன்னம், பெரியவர் மாதிரி பேச்சு, வசனத்தை எந்த நொடியில் விட்டால் சிரிப்பு வரும் என்ற கணக்கு. பத்து வயதில் அத்தனையும் அவரிடம் இருந்தது. அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. உச்சத்தில் ஒரு எபிசோடுக்கு அவர் சம்பளம் ஒரு லட்சம் டாலர் என்பார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்போம். தொடர் 1986-ல் முடிந்தபோது அவருக்கு வயது 18. மற்ற குழந்தை நடிகர்கள் மீசை அரும்பினால் வேடத்தை இழப்பார்கள். இவருக்கு அந்தக் கவலை இல்லை, ஏனென்றால் உடல் வளரவில்லை. எந்த நோய் அவரை வதைத்ததோ அதுதான் தொடரை ஓடவைத்தது. நடுவில் 1984-ல் இரண்டாவது மாற்று சிகிச்சை. அதுவும் நிலைக்கவில்லை, அப்புறம் டயாலிசிஸ்தான். வீட்டில் உட்கார்ந்து சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

சரி, சம்பாதித்த பணம் எங்கே போனது? 1989-ல் கேரி தன் பெற்றோர் மீதும் முன்னாள் மேலாளர் மீதும் வழக்குப் போட்டார். 1993-ல் 12.8 லட்சம் டாலர் அவருக்குத் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆனாலும் பிறகு செக்யூரிட்டி வேலை பார்த்தார். 1999-ல் திவால் மனு கொடுத்தார். 2003-ல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்று, 135 பேரில் எட்டாவதாக வந்தார். 2010 மே மாதம், யூட்டா மாநிலத்தில், 42 வயதில் இறந்துபோனார்.

அவரைக் காக்கச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. சிறுவனாகச் சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன் சம்பாதித்ததைத் தாயும் தாயின் இரண்டாவது கணவரும் செலவழித்த பிறகு, 1939-லேயே கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. ஆனால் நீதிமன்றத்தில் அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தங்களுக்கே அது பொருந்தியது. குழந்தையின் சம்பளம் குழந்தையின் சொத்து, அதில் 15 சதவீதம் தனிக்கணக்கில் சேர வேண்டும் என்று தெளிவாக எழுத 2000 வரை ஆனது. கேரிக்கு அப்போது வயது 30-ஐத் தாண்டிவிட்டது.

நம் நாட்டிலும் 2017 முதல் விதி இருக்கிறது. குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். உங்கள் பிள்ளைக்கு சீரியல் வாய்ப்பு வந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மீதி 80 சதவீதத்தைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்லவில்லை. அதற்கும் ஒரு விதி எழுதுங்கள் என்று அரசைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.