கண்புரை முற்றட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஒரு கண் முகாமில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "டாக்டரம்மா, இருபது வருசமா கண்ணாடி போட்டேன். இப்ப அது இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்." சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன என்று கேட்டேன். கடிகாரம் எங்கே என்று திருப்பிக் கேட்டார்.

கண் லென்ஸ் மங்கிப்போகும் புரை செய்யும் வேடிக்கை இது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது கிட்டப்பார்வை கொஞ்ச நாள் தெளியும், தூரப்பார்வை மங்கும். அப்புறம் இரண்டுமே போகும்.

2015 முதல் 2019 வரை நம் நாட்டில் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைத் தாண்டியவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 2 பேர் பார்வையற்றவர்கள். பத்தடி தூரத்தில் காட்டும் விரல்களைக்கூட எண்ண முடியாத நிலை. அவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குக் காரணம் புரைதான். சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிற புரை! ஆண்களைவிடப் பெண்களுக்கே பாதிப்பு அதிகம். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. வீட்டில் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் பாட்டிதானே?

"புரை நல்லா முத்தட்டும்" என்பது அந்தக் காலத்துப் பேச்சு. அப்போது லென்ஸை முழுசாக எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். இப்போது உள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கிறோம், பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். அரசு மருத்துவமனையில் இலவசம். முற்றவிட்டால்தான் ஆபத்து: லென்ஸ் ஊதி, கண்ணில் அழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலியோடு வருவார்கள். சிலருக்கு அதன் பிறகு பார்வை திரும்புவதில்லை.

கண் அழுத்த நோய் வேறு ரகம். பெரும்பாலும் வலியே இருக்காது. ஓரப்பார்வையை மெல்ல மெல்லத் தின்னும், போனது திரும்பாது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகள் நாற்பதிலேயே கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டுங்கள், பார்வை நன்றாக இருந்தாலும்.

அந்தப் பெரியவருக்கு வரும் செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருக்கிறோம். மகன் திருப்பூரில் வேலை, மருமகளுக்கு நூறு நாள் வேலை. கூட யார் வருவார்கள் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.